பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

தடதடவென்று ஷட்டர் அதிர்ந்தது.

கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்த குற்றாலலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரிந்துகொண்டிருந்த சூடம் தட்டிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து அதன்மேல் தண்ணீரைச் சாய்த்துவிட்டு எரிச்சலோடு குரல் கொடுத்தார்.

"யாருவே அது? கடை லீவு. நாளைக்கு வா!"

"அண்ணாச்சி, நான்தான் செண்பகவல்லி. கொஞ்சம் திறங்க அண்ணாச்சி."

முக்கால்வாசி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரலிடுக்கெல்லாம் சிவப்பாக மிளகாய்த் தூசி. மண்டியிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

குற்றாலலிங்கம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மகாநவமி அன்றைக்குக்கூட மனுஷனை நிம்மதியாகச் சாமி கும்பிட விடமாட்டார்களா?

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். வருஷம் பிறந்தது, ஒன்றும் படுக்கவில்லை. அந்த அக்டோபரில் கேரளத் தலைநகரத்தின் ஆரியசாலைக் கடைத்தெருவில் 'குற்றாலம் நெட் பாயின்ட்' அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எஸ்.டி.டி. பூத் வைத்தவர் குற்றாலலிங்கம். மிளகாய் மண்டிக்கும் வெல்லக்கடைக்கும் நடுவே, ஒரே ஒரு போன் லைனை வைத்துக்கொண்டு, பூத்தை நெட் கடையாக மாற்றிவிட்டார். மூன்று கம்ப்யூட்டர். மூன்றுக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அந்த மூன்றும் இப்போது பூஜையில் இருந்தன. நேற்று சாயங்காலம் அஷ்டமியில் வைத்தது. மானிட்டர்களின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டுகளை வாழையிலையில் அடுக்கி, மேலே சிவப்புப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. மௌஸ்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன. மோடத்துக்குக்கூட ஒரு முழம் பிச்சிப்பூ.

கேரளத்தில் பூஜை வைத்தால் வைத்ததுதான். பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாது. தச்சன் உளியைத் தொடமாட்டான். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிற வரைக்கும் எல்லாம் தேவியின் கையில். போன வருஷம் இந்தக் கட்டுப்பாட்டை ரெஷ்மா மீறினாள். கடையில் வேலை பார்க்கிற பெண். யாரோ ஒரு காலேஜ் பையன் கெஞ்சினான் என்று நவமியன்று ஒரு கம்ப்யூட்டரைத் துணியை விலக்கி ஓட்டிவிட்டாள். அந்த மாதமே துலாவர்ஷத்து ஐப்பசி மழையில் இடி விழுந்து மோடமும் மானிட்டரும் கருகிப்போயின. இடி ஊர் முழுக்கத்தான் விழுந்தது. ஆனால் குற்றாலலிங்கத்துக்கு அதைப் பற்றிச் சந்தேகமே கிடையாது.

அவர் குனிந்து ஷட்டரைத் தாண்டி வெளியே வந்தார்.

செண்பகவல்லி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வயசைக் கொஞ்சம் தாண்டியவள். சங்கரன்கோவில் பக்கம். பகலெல்லாம் மண்டியில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். புருஷன் வன்னியராஜ் பஹ்ரைனில் கம்பி கட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்குச் சாயங்காலம் அவன் அங்கே ஒரு நெட் கடையில் உட்காருவான். இவள் இங்கே வந்து உட்காருவாள். போனில் பேசினால் காசு மீட்டரில் குதித்து ஓடும். வாய்ஸ் சாட்டில் அந்தப் பயம் இல்லை. தேங்காயெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தும் அவள் கீபோர்டைத் தொடமாட்டாள். எரியுமாம், அடுத்தவர்களுக்கு. ரெஷ்மாதான் எல்லாம் அடித்துக் கொடுத்து ஹெட்போனை மாட்டிவிடுவாள். அப்புறம் ஆரம்பிக்கும். "சாப்பிட்டீகளா? என்ன கொழம்பு?" பஹ்ரைனுக்கு நேராகவே கேட்கிற சத்தம். மற்ற இரண்டு தடுப்பிலும் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பார்கள்.

இன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, அவுக இப்ப வருவாக. அஞ்சு மணிக்குன்னு சொல்லியிருக்காக."

"வல்லி, இன்னைக்கு என்ன நாள்? வாரம் தவறாம வாறவ, உனக்குத் தெரியாதா? பூசையில வச்சாச்சு."

"தெரியும் அண்ணாச்சி. நேத்துதான் தெரியும். அவுகளுக்கு நான் எப்படிச் சொல்ல? போன வாரம் பேசும்போது எங்க ரெண்டு பேருக்குமே நெனப்பு இல்லையே."

"அப்ப அடுத்த வாரம் பேசிக்கோ. என்ன கொழம்புன்னு கேக்கத்தான?"

அவள் அவரைப் பார்த்தாள். அந்தக் கிண்டல் அவள்மேல் படாமலே கீழே விழுந்தது.

"நாளைக்குக் காலையில அவுகளுக்கு ஆப்பரேசன், அண்ணாச்சி. நெஞ்சுல. நம்ம நேரத்துக்குப் பத்தரைக்கு. இன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில சேந்துருவாக. அதுக்கு முன்னாடி ஒருக்கப் பேசணும்னாக."

வன்னியராஜுக்கு மூச்சு வாங்குகிறது, கம்பெனி ஆஸ்பத்திரியில் காட்டுகிறான் என்பது வரைக்கும் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து குற்றாலலிங்கத்தின் காதில் விழுந்திருந்தது. ஆப்பரேஷன் என்று தெரியாது.

கண்ணைத் திருப்பி உள்ளே பார்த்தார். பட்டுத்துணி. பிச்சிப்பூ. விளக்கு நிமிர்ந்து எரிந்தது.

விஷயம் இதோடு நின்றிருந்தால் ஒருவேளை அவர் இளகியிருப்பார். ஆனால் நாளைக் காலை அவர் கடையில் எழுத்தினிருத்து, பிள்ளைக்கு முதல் எழுத்து போடவைக்கிற சடங்கு. ஊரில் எல்லாரும் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் அரிசியில் எழுத வைப்பார்கள். குற்றாலலிங்கம் ஒருபடி மேலே போய், 'குழந்தையின் முதல் எழுத்து கம்ப்யூட்டரில்' என்று நோட்டீஸ் அடித்து மணக்காடு வரைக்கும் ஒட்டிவிட்டார். முறையாகப் பூஜையில் வைத்து எடுத்த கீபோர்டு என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. முன்பதிவு செய்தவர்கள் ஏராளம். இப்போது துணியை விலக்கினால் வெல்லக்கடைக்காரன் பார்ப்பான். நாளைக்கு வருகிற ஒவ்வொரு தகப்பனிடமும் சொல்லுவான். போதாக்குறைக்குப் போன வருஷத்து இடி.

"தாயி, நான் என்ன செய்யட்டும் சொல்லு. வச்ச பூசைய நடுவுல எடுத்தா அது உன் புருசனுக்கே நல்லதில்ல. நாளைக்கு நெஞ்சத் தொறக்கப் போறான். இன்னைக்குப் போய் தேவிகிட்ட வம்பு வளக்கலாமா?"

இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. அவள் அதை நம்பினாள் என்பது தெரிந்தது. அவருக்கு அது சௌகரியமாக இருந்தது.

பிறகு அவள் வேறொரு வழி சொன்னாள்.

"சரி அண்ணாச்சி. நீங்க திறக்க வேண்டாம். தம்பானூர்ல லிஜோவோட நெட் கடை திறந்துதான் கெடக்கு. வேதக்காரவுக, பூசை கிடையாது. கம்ப்யூட்டர்ல அடிக்கிற என் பேரையும் பாசுவேர்டையும் மட்டும் சொல்லுங்க. ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாலும் சரி. ஆட்டோ பிடிச்சு ஓடிருவேன்."

லிஜோவின் பெயரைக் கேட்டதுமே குற்றாலலிங்கம் ஷட்டர் பக்கம் ஓரடி நகர்ந்து நின்றார்.

அந்தப் பாஸ்வேர்டு அவருடைய தொழில் ரகசியம். வருகிறவர்களுக்கெல்லாம் ஐடி உண்டாக்கிக் கொடுப்பது கடைதான். பாஸ்வேர்டை மட்டும் அவர்கள் கையில் கொடுப்பதில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா அந்தத் தொல்லை, நாங்க அடிச்சுத் தாறோம்." எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு: அவர் பெண்டாட்டியின் பெயர். அது தெரிந்தால் நாளைக்கே பாதிப்பேர் ஏ.சி. போட்ட லிஜோ கடைக்குப் போய்விடுவார்கள். ரெஷ்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், "இது செரியல்ல அண்ணாச்சி, அவரவர் சாவி அவரவர் கையிலல்லோ இருக்கணும்" என்று. அவர் கேட்கவில்லை.

"அதெல்லாம் ரெஷ்மாவுக்குத்தாம்மா தெரியும்" என்றார்.

"ரெஷ்மா லீவுல ஊருக்கு, நெடுமங்காட்டுக்குப் போயிருச்சே."

"அதான் நானும் சொல்லுதேன். அவ வந்தாத்தான்."

"உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பழைய போன் பூத்துக்காரன்."

அவர் உள்ளே போய் விளக்கைப் பூவால் குளிரவைத்தார். வெளியே வந்து, ஷட்டரைக் கடைசிவரை இழுத்து, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போ தாயி. அவன் நல்லபடியா வருவான். நாளைக்குக் காலையில முதல் ஆளா வா."

தெரு திரும்பும்போது ஒரு தரம் பார்த்தார். அவள் கடைப்படியை விட்டு இறங்கிவிட்டிருந்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தார்.

*

அன்றைக்குச் சாயங்காலம் அவரும் பெண்டாட்டி பொன்னம்மையும் கிழக்கேகோட்டையில் நவராத்திரிக் கச்சேரிக்குப் போனார்கள். வருஷாவருஷம் போவதுதான். சங்கீதம் அவருக்குப் புரியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கைகட்டி நிற்பது ஒரு மரியாதை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் கச்சேரி முடிந்து, பழவங்காடியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, இருட்டிய பிறகுதான் திரும்பினார்கள்.

பக்கத்து வீட்டு அம்மிணி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, ஒரு ஸ்த்ரீ வந்து உங்களைத் தேடிச்சு கேட்டோ. ஓடி வந்ததாக்கும், மூச்சு வாங்கிச்சு. சாவி, சாவின்னு என்னமோ சொல்லிச்சு. நீங்க கோட்டைக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னேன். அங்கயும் வந்து தேடினாளோ என்னமோ."

"ஆரு?" என்றாள் பொன்னம்மை.

"நம்ம கடைக்கு வாறவதான்" என்றார் குற்றாலலிங்கம். "பூசையில வச்சதத் திறக்கணுமாம். சொன்னாப் புரியல. மறுபடியும் கெஞ்ச வந்திருக்கா."

"என்ன அவசரமோ பாவம்."

"எல்லாருக்கும் அவசரந்தான். ரசம் இருந்தா ஊத்து."

சாப்பாடு இறங்கவில்லை. கச்சேரியில் நின்ற கால்வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

*

விஜயதசமி காலையில் கடை கல்யாண வீடாக இருந்தது.

பட்டுத்துணியை எடுத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, முதல் பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் எழுத்தான ஹரிஸ்ரீ அடிக்கக் கம்ப்யூட்டரில் மலையாள எழுத்து கிடையாது. அதனால் ஆங்கில 'A' தான். மோதிர விரலைப் பிடித்து அதை அமுக்க வைத்தார் குற்றாலலிங்கம். பிள்ளை விரலை எடுக்க மறுத்தது. திரை முழுக்க aaaaaaa என்று ஓடியது.

"அமெரிக்காவுக்குத்தான் போகப் போறான்!" என்றார் தகப்பன் பூரிப்போடு.

அடுத்த பிள்ளை கீபோர்டை நக்கியது. அதற்கடுத்தது மானிட்டரைப் பார்த்ததுமே வீறிட்டு அழுதது. நெடுமங்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்ட ரெஷ்மா ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்துச் சமாளித்தாள். குற்றாலலிங்கம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஆளாக வரச் சொன்னவள் வரவில்லை.

கூட்டம் குறைந்த பிறகுதான் மோடத்தை ஓடவிட முடிந்தது. கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, அது லைனைப் பிடித்தது. மேலே கிடந்த பிச்சிப்பூ வாடிப் பழுத்திருந்தது.

"செண்பகவல்லி ஐடியைக் கொஞ்சம் திற" என்றார் மெதுவாக.

"எந்தா அண்ணாச்சி, சேச்சி வந்நில்லல்லோ?"

"திறம்மா. அவ புருசனுக்கு இன்னைக்கு நெஞ்சுல ஆப்பரேசன்."

ரெஷ்மா பொன்னம்மையின் பெயரை அடித்தாள். உள்ளே நுழைந்ததுதான் தாமதம். டிங், டிங், டிங் என்று, ஆளில்லாத நேரத்தில் வந்து காத்துக்கிடந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழுந்தன. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். வன்னியராஜ் ஒற்றை விரலால் அடிப்பவன்; ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாக இருந்தது. ரெஷ்மா வாய்விட்டு எழுத்துக்கூட்டினாள்.

*வல்லி வந்துட்டியா.*

*நான் வந்துட்டேன். உன் பேரு வெளிச்சமா வரல.*

*வல்லி.*

*நெட் சரியில்லையோ. இருக்கேன்.*

*சத்தியநேசன் சொல்லுறான், நாட்டுல இன்னைக்கு நவமியாம். கடையில பூசையா இருக்கும்னான். நான் மறந்தே போனேன் பாரு.*

*அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லிராத. அவுக மேல தப்பு இல்ல. நாந்தான் நாள் பாக்காம சொல்லிட்டேன்.*

*நாளைக்கு எனக்கு பயமில்ல. உன் சத்தம் கேட்டா நல்லாருக்கும் அவ்வளவுதான்.*

*கடைக்கு போன் போடுறேன். நீ அங்கதான் வாசல்ல நிப்ப. எனக்குத் தெரியும். அண்ணாச்சி எடுத்துக் குடுப்பாக.*

*அடிக்குது. யாரும் எடுக்கல.*

*மறுபடி போடுறேன்.*

*மறுபடி போட்டேன். சரி வல்லி. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு.*

ரெஷ்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். மானிட்டருக்குப் பக்கத்தில் கறுப்பு டெலிபோன் எதுவும் அறியாதது போல உட்கார்ந்திருந்தது.

"எப்பழா அண்ணாச்சி ஆப்பரேஷன்?"

"பத்தரைக்குன்னா."

இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்து தாண்டியிருந்தது. ரெஷ்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். செண்பகவல்லி இருந்த லைன் வீடு கரிமடத்தில். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. விடிகாலையிலேயே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"விளிச்சுக் கொண்டு வரட்டோ?"

குற்றாலலிங்கம் தலையை ஆட்டினார். "வேண்டாம். இப்ப கூட்டிட்டு வந்து என்ன செய்ய? அவன் அங்க இல்ல. ஆஸ்பத்திரி நம்பரும் நம்மகிட்ட இல்ல. கும்பிடட்டும்."

மனசுக்குள் அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். போன் அடித்திருக்கிறது, சரி. ஆனால் பூட்டிய கடைக்குள்தானே அடித்தது? தான் கிளம்பும்போதே அவளும் படியை விட்டு இறங்கிவிட்டாள். அடித்தது யாருக்கும் தெரியாது. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தால், அவன் எழுந்து உட்கார்ந்தால், இது ஒரு சிரிப்புக் கதையாகப் போய்விடும். 'என்ன அண்ணாச்சி, பூசை போட்டு எங்களப் பிரிச்சிட்டீகளே' என்று அவனே கேலி பண்ணுவான்.

அப்படியே நடக்கட்டும் என்று சரஸ்வதி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். படத்தில் அவள் வீணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இடிக்குப் பயந்து மோடத்து வயரைப் பிடுங்கிப் போட்டிருந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது.

குற்றாலலிங்கம் உடனே எடுக்கவில்லை. அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார்.

"குற்றாலம் அண்ணாச்சியா? நான் சத்தியநேசன். பாறசாலைக்காரன். ராஜு அண்ணன் கூட ஒரே ரூம்ல இருக்கியவன்."

"சொல்லுப்பா."

"அண்ணாச்சி..." லைன் இரைந்தது. "முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. மேசையிலயே. எழும்பவே இல்ல."

குற்றாலலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே வெல்லக்கடையில் யாரோ தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள்.

"செண்பகவல்லி அக்காகிட்ட ஆராவது சொல்லணும். எனக்குச் சொல்ல நாக்கு வரல. இந்த ஒரு நம்பர்தான் அண்ணன் கையில இருந்துச்சு." அவன் மூக்கை உறிஞ்சினான். "நேத்து இங்க பூத்துல ரிசீவர வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னாரு தெரியுமா அண்ணாச்சி. நான்தான் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். வாசல்ல நிப்பா, வாசல்ல நிப்பான்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

"நான்... கச்சேரிக்குப் போயிருந்தேன்" என்றார் குற்றாலலிங்கம்.

அதை ஏன் அவனிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

*

உடல் வந்தது. பெட்டியை ஏர்போர்ட்டிலிருந்து வாங்கி வேனில் ஏற்றி சங்கரன்கோவிலுக்கு அனுப்பியது வரை எல்லாவற்றையும் குற்றாலலிங்கம் ஓடியாடிச் செய்தார். ஆரியசாலையே அவரைப் பாராட்டியது. சொந்தக்காரன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் அவர் இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவார்.

காரியமெல்லாம் முடிந்து செண்பகவல்லி திரும்பி வந்தாள். மறுபடி மண்டியில் மிளகாய்க்கு முன்னால் உட்கார்ந்தாள். கடை வழியாக அவள் போவதில்லை. சாலைச் சந்தைக்குள் புகுந்து சுற்றிப் போனாள்.

ரெஷ்மா அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தாள். ஒருநாள் தானாகவே பிரிண்டரில் போட்டு எடுத்தாள். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற நீளத்தாள். கரகரவென்று வெளியே வந்து தொங்கியது.

"இது சேச்சிக்குள்ளது. நீங்கதான் கொண்டு போய்க் கொடுக்கணும் அண்ணாச்சி. நான் கொடுத்தா செரியாகாது."

"இப்ப எதுக்கும்மா? புண்ணக் கிளறவா?"

"அவர் சேச்சிக்கு எழுதினதல்லே? நம்ம கையில இருந்தா அது களவாக்கும்."

வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். ரெஷ்மா வீட்டுக்குப் போன பிறகு தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். செண்பகவல்லிக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது படித்துக் காட்டும். 'உன் சத்தம் கேட்டா நல்லாருக்கும்' என்பதற்குக் கீழே ஸ்கேலை வைத்தார். அழுத்திப் பிடித்து, கீழ்ப்பகுதியைக் கிழித்தார். கிழித்ததைச் சுருட்டி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இது அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார். செத்தவன் போன் போட்டுப் பார்த்தான், நாம் எடுக்கவில்லை என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா? பொய் சொல்லவில்லையே. கொஞ்சம் குறைத்துச் சொல்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கரிமடத்துக்குப் போனார். பொன்னம்மை ஒரு டப்பாவில் முறுக்கு கொடுத்துவிட்டிருந்தாள். செண்பகவல்லி பாயை எடுத்துப் போட்டாள். தான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். கையெல்லாம் மிளகாய் எரிச்சலில் சிவந்திருந்தது. வன்னியராஜ் பஹ்ரைனில் ஒரு பேரீச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் சுவரில் மாலையோடு தொங்கியது.

"காப்பி போடட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம் தாயி. உக்காரு. இது... அன்னைக்கு அவன் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சது. பூசை எடுத்த பொறவுதான் பாத்தோம். உன்கிட்ட குடுக்கணும்னுதான்."

அவள் கையை நீட்டவில்லை. "வாசிங்க" என்றாள்.

அவர் வாசித்தார். வல்லி வந்துட்டியா என்று ஆரம்பித்தார். சத்தியநேசன் நவமியை ஞாபகப்படுத்தியதை வாசித்தார். 'அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லிராத' என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. 'உன் சத்தம் கேட்டா நல்லாருக்கும் அவ்வளவுதான்' என்று முடித்துத் தாளை மடித்தார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடி ஓரம் நேராக இல்லாமல் பிசிறு பிசிறாக இருந்தது. அதன்மேல் விரலால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவுதானா அண்ணாச்சி? வேற ஒண்ணும் எழுதலையா?"

"அவ்வளவுதான் தாயி."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு எந்திரிச்சுப் போயிட்டான் போல. கடை பூட்டிக் கெடக்கும்னு அவனுக்குத்தான் தெரிஞ்சு போச்சே. நீயும் வீட்டுக்குப் போயிருப்பன்னு நெனச்சிருப்பான்."

பொது அடிபம்பில் யாரோ தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. கிரீச், கிரீச் என்று வெகுநேரம் அடித்தது. அது நிற்பதற்குள் செண்பகவல்லி தாளை இன்னும் சின்னதாக மடித்துவிட்டாள். பிறகு, அவரைக் குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், என்ன குழம்பு என்று கேட்கிற அதே குரலில், ஆனால் ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க பூட்டிட்டுப் போன பொறவு உள்ள போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு அண்ணாச்சி, நான் ஷட்டர்ல காத வச்சுக்கிட்டு, 'இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே நின்னேன்."